ஆறாம் தொட்டிலின் எடை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு விளக்கக் கடிதம் இது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கேள்வி ஒரே வரி: "மாதிரிக் கோப்பில் உள்ள எண்கள் எந்த அடிப்படையில் உருவாக்கப்பட்டன?"

இன்று சனிக்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி. இது என்னுடைய ஏழாவது முதல் பக்கம்.

கேள்வி வந்தது என் அக்காவுக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டுக்கு அவள்தான் கணக்குப் போடுகிறாள். வரவு செலவுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் தொட்டிலுக்கு மணிக்கு எத்தனை மில்லி திரவம் ஏற்ற வேண்டும் என்கிற கணக்கு. பால் குடிக்கத் தெரியாத அந்தக் குழந்தைகளுக்கு அதுதான் சாப்பாடு. நேற்றுச் சாயங்காலம் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள்.

"இதை நீ எழுது."

"நானா? நான் ஆஸ்பத்திரி ஆளே இல்லையேக்கா."

"எண்ணு உன்னோடதுதானே."

எண்கள் என்னுடையவைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒன்பது எண்கள். அவற்றில் ஒன்று போன வியாழக்கிழமை ஒரு குழந்தையின் உடம்புக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். கேட்டேன்.

"எழுதி முடி. அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"சொன்னா அதுக்கேத்த மாதிரி வளைச்சு எழுதுவே. நல்லபடியா முடிஞ்சுதுன்னா கெத்தா எழுதுவே. இல்லேன்னா ஒப்பாரி வெப்பே. எனக்கு ரெண்டும் வேணாம். நடந்ததை எழுது."

ஆகவே, நான் முடித்தால் அவள் சொல்லிவிடுவாள். முடிக்காத வரை சொல்ல மாட்டாள். ஒரு பக்கக் கடிதம் ஏன் இப்படிக் கதையாக நீள்கிறது என்று நீங்கள் கேட்டால், பதில் இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. இலக்கிய நோக்கம் எதுவும் இல்லை.

2

கைவிட்ட தொடக்கங்களில் மூன்றை இங்கே வைக்கிறேன். மற்றவை குப்பைத் தொட்டியில் கிடக்கின்றன.

முதலாவது: "விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கு, தாயின் வயிற்றில் ஆறரை மாதமே தங்கிய அந்தப் பெண் குழந்தை தன் முதல் மூச்சை" — 

பெண் குழந்தை என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. கை தானாக எழுதிவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழித்தேன்.

இரண்டாவது: "இயந்திரம் பிழை செய்வதில்லை. பிழை செய்வது மனிதனே. இன்றைய அறிவியல் யுகத்தில்" — இப்படித் தொடங்குகிற கட்டுரைகளுக்கு நான் வேலை செய்யும் அச்சகத்தில் தினமும் பிழை திருத்துகிறேன். அதற்கே எனக்குச் சம்பளம் கொடுப்பதால் படிக்கிறேன். இலவசமாக ஒன்றை எழுதுவதாக இல்லை.

மூன்றாவது: "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கேட்டிருந்த விளக்கத்தைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். மேற்படி எண்கள் உருவாக்கப்பட்டதன் அடிப்படை யாதெனில்" —

யாதெனில்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அக்கா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே மடித்த துணியைத்தான் உதறி மறுபடி மடிக்கிறாள் என்று எனக்குச் சத்தத்திலிருந்தே தெரிகிறது.

3

பாத்திரப் படைப்பில் ஒரு சிக்கல். என் அக்கா அசட்டையான ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபம். ஒருத்தி அலட்சியமாக இருந்தாள், தவறு நடந்தது, முடிந்தது. ஆனால் அவள் வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள். பஸ்ஸில் பாதி வழியில், "கேஸை மூடினேனா?" என்று பதறுகிறவன் நான். அவள் கேஸை மூடும்போதே என்னைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ, மூடிட்டேன்" என்று சாட்சி வைத்துக்கொள்கிறவள்.

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு ஒரு தவறை எப்படி எழுதுவது என்று நேற்று ராத்திரி சாப்பிடாமல் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. இந்தத் தவறை அசட்டையான ஆளால் செய்யவே முடியாது. கவனமான ஆளால்தான் முடியும்.

அதை விளக்க அவளுடைய நோட்புக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். *

* (பயப்படாதீர்கள். எனக்கே புரிந்த அளவுக்குத்தான் சொல்லப்போகிறேன். எனக்குப் புரியவைக்க அக்கா மூன்று தடவை படம் போட்டாள்.)

இது கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் நோட்புக். நீளமான ஒரு பக்கம், அதில் கட்டம் கட்டமாகக் கட்டளைகள். ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக ஓட்டலாம், மேலிருந்து கீழே மொத்தமாகவும் ஓட்டலாம். அக்காவின் நோட்புக்கில் பதினொரு கட்டங்கள். இரண்டாவது கட்டம் 'எடை' என்ற ஃபைலைத் திறக்கும். அடுத்தவை குழந்தை பிறந்து எத்தனை நாள் என்று பார்த்துப் பெருக்கும், வகுக்கும்; முதல் நாள் குழந்தைக்குக் கிலோவுக்கு மற்றவர்களில் பாதி அளவுதான். கடைசிக் கட்டம் தொட்டில் வாரியாக 'மணிக்கு இத்தனை மில்லி' என்று ஒரு பட்டியல் போடும். பட்டியல் மருந்தறைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு பை கலப்பார்கள்.

ஃபைலின் பெயரை மட்டும் சொன்னால், நோட்புக் தான் அந்த நேரத்தில் எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கேதான் தேடும். அக்காவின் நோட்புக் 'கணக்கு' என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதற்கு மேலே 'வார்டு' ஃபோல்டர். எடை மெஷின்கள் தினமும் காலையில் எழுதுகிற 'எடை' ஃபைல் அங்கேதான் வந்து உட்காரும். அதனால் நோட்புக்கின் முதல் கட்டத்தில் ஒரே ஒரு வரி: நிற்கிற இடத்திலிருந்து ஒரு படி மேலே போ. கணக்கிலிருந்து ஒரு படி மேலே போனால் வார்டு. வார்டில் நின்று 'எடை'யைத் திறந்தால் இன்றைய எடை. தினமும் காலையில் புதிதாகத் திறந்து ஒரே தடவை ஓட்டுவாள்; மூன்று வருஷமாக இது பிசகியதில்லை.

வார்டுக்கும் மேலே 'மூன்றாம் மாடி' என்று இன்னொரு ஃபோல்டர். அங்கேயும் 'எடை' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. நோட்புக்கை முதன்முதலாகக் கட்டியபோது சரிபார்க்க வைத்த மாதிரி ஃபைல். ஒன்பது தொட்டில், ஒன்பது பொய்க் குழந்தைகள், ஒன்பது எடைகள். அதை எழுதியவன் நான்.

'ஒரு படி மேலே போ' என்று ஒரு தடவை சொன்னால் ஒரு படி போகும். இரண்டு தடவை சொன்னால் இரண்டு படி போகும். வந்த இடம் சரிதானா என்று அது திரும்பிக் கேட்காது.

4

வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு அக்கா நோட்புக்கை மேலிருந்து கீழே ஓட்டினாள். எட்டு வரி வந்தது. ஆறாம் தொட்டில் காலியாக இருந்ததால் எட்டுதான் வர வேண்டும். ஒவ்வொரு வரியையும் முந்தின நாள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பப் போகும்போது வார்டிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தார்.

"மேடம், ஆறாம் தொட்டிலுக்குப் புதுசா ஒரு பிள்ளை வந்திருக்கு. காலைல அஞ்சரைக்குப் பிறந்தது. எடை இப்பதான் ஏத்தினோம்."

"சரி சிஸ்டர். மறுபடி ஓட்டி அனுப்பறேன்."

"கொஞ்சம் சீக்கிரம். மத்தவங்களுக்குப் பதினொரு மணிக்குத்தானே பை மாத்துவோம். இதுக்கு இப்பவே வேணும். வயித்துல ஒண்ணுமே இல்ல."

அசட்டையான ஆளாக இருந்தால் இரண்டாம் கட்டத்திலிருந்து ஓட்டியிருப்பாள். புது எடை வந்திருக்கிறது, ஃபைலை மறுபடி திறந்தால் போதும். ஆனால் அக்காவுக்குப் பாதியிலிருந்து தொடங்குவது பிடிக்காது. நடுவில் ஏதாவது விட்டுப்போகும் என்று பயம். முதல் கட்டத்திலிருந்தே, மொத்தமாக, ஒழுங்காக ஓட்டினாள்.

முதல் ஓட்டத்தில் கணக்கிலிருந்து வார்டுக்கு ஏறிய நோட்புக் இன்னும் வார்டில்தான் நின்றுகொண்டிருந்தது. மறுபடி, ஒரு படி மேலே போ. போய்விட்டது. 'எடை'யைத் திற. திறந்துவிட்டது.

ஃபைல் இல்லை என்றால் சிவப்பு எழுத்தில் கத்தியிருக்கும். ஃபைல் இருந்தது. எட்டு வரி ஒன்பது ஆகியிருக்கிறதா என்று அக்கா பார்த்தாள். ஆகியிருந்தது. ஆறாம் தொட்டில் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வந்திருந்தது. மற்ற எட்டும் பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவை. ஏழு ஐம்பத்தைந்துக்குப் பட்டியலை அனுப்பினாள்.

மருந்தறையில் இருப்பவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். டீக்குச் சர்க்கரையைக்கூட கரண்டியின் விளிம்பைத் தட்டிச் சமப்படுத்திப் போடுவாராம். அவர் ஆறாம் தொட்டிலின் பையை முதலில் கலந்தார். எட்டு நாற்பதுக்கு அதைத் தொங்கவிட்டார்கள். மணிக்கு ஏழு புள்ளி இரண்டு மில்லி.

(இங்கே நீங்கள் கேட்கப்போகிற கேள்வியை நானும் கேட்டேன். அத்தனை வருஷ அனுபவம் உள்ள நர்ஸுக்கு எண் தவறு என்று தெரியாதா? பையின் மேல் எடை போட்டிருக்காது, வேகம் மட்டும்தான் இருக்கும் என்றாள் அக்கா. பக்கத்துத் தொட்டில்களுக்கும் ஏழு, எட்டு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குழந்தைக்கு ஒரு நேற்று இல்லை.)

சரியான அளவு மணிக்கு மூன்று புள்ளி ஒன்று.

5

இனி நழுவ முடியாது. எண்களின் கதையைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் அக்கா லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்புக்கைச் சோதிக்க அவளுக்கு ஒன்பது எடைகள் வேண்டும். உண்மைக் குழந்தைகளின் எண்களை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது என்று விதி. அவள் விதியை மீறுகிறவள் இல்லை.

"நீதான் கதை எழுதறவனாச்சே. ஒம்பது பிள்ளைங்களைப் பெத்துக் குடு பாப்போம்" என்றாள்.

"எத்தனை கிராம் இருக்கணும்?"

"எண்ணூறுலேருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள."

எனக்கு அப்போதுதான் தெரியும், எண்ணூறு கிராமில் ஒரு மனிதப் பிள்ளை இருக்க முடியும் என்று. மேசை மேல் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகு எழுதினேன். ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. ஆயிரத்து ஐம்பது. தொள்ளாயிரத்து எழுபது. இல்லாத குழந்தைகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் நானே நோஞ்சானாகப் படைத்துத் தொட்டிலில் போடுகிற மாதிரி இருந்தது. ஆறாவதற்கு வந்ததும் இரண்டாயிரத்து நூற்றைம்பது என்று எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய பிள்ளையெல்லாம் எங்க வார்டுக்கு வராதுடா."

"பாவமா இருக்குக்கா. ஒண்ணாவது நல்லா இருக்கட்டுமே."

சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். சோதனைக்குத்தானே.

(இந்த இடத்தில், குறைமாதத்தில் பிறந்து இறந்துபோன ஒரு தம்பியை எனக்குக் கொடுத்தால் கதை நன்றாகக் கனக்கும். வாசகருக்கும் என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். காலையில் ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. எங்களுக்குத் தம்பி யாரும் இல்லை. எடுத்துவிட்டேன்.)

வியாழக்கிழமை ஆறாம் தொட்டிலில் கிடந்த குழந்தையின் எடை தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.

6

எனக்குச் செய்தி வந்தது மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா வேலை நேரத்தில் போன் செய்ய மாட்டாள்.

"ஆறாம் தொட்டிலுக்கு ரெண்டாயிரத்து நூத்தம்பதுன்னு போட்டது நீதானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன தொட்டில்?"

"மாதிரி ஃபைல். ஆறாவது வரி."

"ஆமா. நான்தான். ஏன்?"

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் 'சரி'யை இரண்டு நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். அழுது முடித்த குரலா, அழப்போகிற குரலா, அழ ஒன்றுமில்லாத குரலா? ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்கிறது. கடைசியில் பார்த்தால் அந்தக் குரலையும் நானே படைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை அன்று சாயங்காலம் சொன்னாள். பதினொரு மணிக்கு நர்ஸ் மற்றத் தொட்டில்களுக்குப் பை மாற்றத் தொடங்கியிருக்கிறார். முதல் தொட்டிலில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவதில் நின்றுவிட்டார். பதினொன்று ஐந்துக்கு அக்காவுக்குப் போன்.

"ரெண்டாவதுக்கு நேத்து எட்டு புள்ளி எட்டு. இன்னிக்கு ஆறு புள்ளி ஆறுன்னு வந்திருக்கே மேடம். குறைக்கச் சொல்லி டாக்டர் எதுவும் எழுதலையே."

"இருங்க, பாக்கறேன். அதை மாட்டாதீங்க."

முதலில் பெருக்கல் கட்டத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது. வகுத்தலைப் பார்த்தாள். அதுவும் சரி. நோட்புக்கில் இரண்டாம் தொட்டிலின் எடை ஆயிரத்து ஐம்பது என்று இருந்தது. மெஷின் தவறாக எழுதிவிட்டதோ என்று வார்டு ஃபோல்டரில் இருந்த 'எடை' ஃபைலைக் கையால் திறந்தாள். அதில் ஆயிரத்து நானூற்று இருபது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். ஆயிரத்து நானூற்று இருபது. நோட்புக்கில் ஆயிரத்து ஐம்பது. அதே பெயர், அதே ஃபைல், வேறு எண்.

"பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சுடா" என்றாள்.

நாலு நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்திருக்கிறாள். பிறகு ஒரு புதுக் கட்டத்தைத் திறந்து ஒரே வரி எழுதினாள்: நீ இப்போது எங்கே நிற்கிறாய்? ஓட்டினாள். பதில் வந்தது: மூன்றாம் மாடி.

அவளுக்கு முதலில் உயிர் வந்ததாம். காரணம் தெரிந்துவிட்டது, எட்டு பைகளையும் கீழே போட்டுவிட்டுப் புதிதாகக் கலந்தால் தீர்ந்தது. அடுத்த நொடியில் ஆறாம் தொட்டில் ஞாபகம் வந்தது. அதை யாரும் பதினொரு மணிக்கு மாற்றப்போவதில்லை. அது எட்டு நாற்பதிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

வார்டுக்குப் போன் போட்டாள். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. நர்ஸ் மருந்தறைக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடி. ஓடும்போது அவள் மனசு கணக்குப் போட்டிருக்கிறது, நிறுத்தச் சொன்னாலும் நிற்காத கணக்கு. இரண்டரை மணி நேரம். போக வேண்டியது எட்டு மில்லி. போனது பதினெட்டு.

"பத்து மில்லிதானேக்கா கூட" என்று நான் கேட்டேன். இரண்டு டீஸ்பூன். இருமல் மருந்து அவ்வளவு குடிக்கிறோம்.

"அந்த உடம்புல ஓடற மொத்த ரத்தமே எம்பது மில்லிகூட இருக்காதுடா" என்றாள்.

எனக்கு உட்காரத் தோன்றியது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

அவள் வார்டு கதவு வரை சொன்னாள். கதவின் கைப்பிடியைப் பிடித்தேன் என்றாள். அதோடு எழுந்து போய்விட்டாள்.

7

முடிவு ஒன்று. இன்று காலை ஒன்பது மணிக்கு எழுதியது.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். ஆறாம் தொட்டிலுக்குப் பக்கத்தில் நர்ஸ் நிற்கிறார். "என்ன மேடம் இப்படி மூச்சு வாங்குது? இந்தப் பிள்ளையைப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஏழு தாங்காதுன்னு தோணிச்சு. நானே மூணுல வெச்சுட்டேன், டாக்டர்கிட்ட அப்புறம் கேட்டுக்கலாம்னு." அக்கா அப்படியே சுவரில் சாய்கிறாள். தொட்டிலில் குழந்தை தூங்குகிறது.

இதை எழுதிவிட்டு நான் உண்மையிலேயே அழுதேன். இரண்டு நாளுக்குப் பிறகு பசித்தது. இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். திரும்ப வந்து மறுபடி படித்தேன். அந்த நர்ஸை நான் பார்த்ததே இல்லை. அந்தக் குழந்தையையும் பார்த்ததில்லை. பாவமாக இருக்கிறது, ஒன்றாவது நன்றாக இருக்கட்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததும் இதுதான்.

முடிவு இரண்டு. இதில் தராசு வருகிறார். பையைக் கலக்கும்போது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, கேட்டால் மரியாதை போய்விடும் என்று கேட்காமல் — இல்லை. இது பழியில் கொஞ்சத்தை அவர் தட்டில் தள்ளிவிடுகிற வேலை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்க்கிற என் புத்தி. தனக்கு வந்த பட்டியலின்படி அவர் கலந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முடிவு மூன்று. அக்கா கதவைத் திறந்தபோது ஆறாம் தொட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து

முடியாது.

நாலு மணி ஆகிவிட்டது. அடுத்த அறையில் துணிச் சத்தம் நின்றுவிட்டது.

8

கடைசியில் எழுதியது ஐந்து வரி.

"ஐயா, மாதிரிக் கோப்பின் ஒன்பது எண்களும் என் கற்பனை. எட்டு எண்கள் என் அக்கா சொன்ன வரம்புக்குள் உள்ளவை. ஆறாவது எண் வரம்புக்கு வெளியே என்று தெரிந்தே எழுதினேன். அத்தனை குழந்தைகளும் மெலிந்திருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு அடிப்படை எதுவும் இல்லை."

எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கட்டிலில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இதுதான். இதுக்கா இவ்வளவு நேரம்?"

"இப்ப சொல்லுக்கா."

அவள் முதல் வரியில் விரலை வைத்தாள். "ஐயான்னு போட்டிருக்கியே, யாருக்கு இது?"

"ஆஸ்பத்திரிக்கு. விசாரணை பண்றவங்களுக்கு."

"அவங்க கேக்கலைடா. அவங்களுக்கு நோட்புக்கோட பிழை போதும். அதை நான் எழுதிக் குடுத்துட்டேன். இந்தக் கேள்வி அந்தப் பிள்ளையோட அம்மா கேட்டது."

"அம்மாவா?" என்றேன்.

"ஆஸ்பத்திரில வியாழக்கிழமையே அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தப்பான ஃபைல், மாதிரி எண்ணுன்னு. அவங்க வேற எதுவும் கேக்கலை. எம்பிள்ளைக்கு அந்த எடையை யாரு போட்டது, எதுக்குப் போட்டாங்கன்னு மட்டும் கேட்டாங்க. ஆபீஸ்ல அதை 'எந்த அடிப்படையில்'னு எழுதிட்டாங்க."

நான் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"சொல்லட்டுமா இப்ப?" என்றாள் அக்கா. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "வேணாம்க்கா" என்றேன். "அவங்க படிச்ச பிறகு."

9

ஆறாம் தொட்டிலின் அம்மாவுக்கு,

இதுவரை 'நீங்கள்' என்று யாரோ ஒரு வாசகரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாழைப்பழத்தையும் தராசையும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவற்றை அழிக்கப்போவதில்லை. பயந்தவன் என்னவெல்லாம் செய்து தப்பிக்கப் பார்ப்பான் என்பது அதில் இருக்கிறது. உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

அந்த எடையைப் போட்டது நான். எந்தக் குழந்தையையும் பார்க்காமல் போட்டேன். இரக்கப்பட்டுப் போட்டேன். அந்த இரக்கத்துக்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. அது உங்கள் குழந்தையின் மேல் போய் விழுந்தது.

முடிவு என்ன என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் எழுதிய மூன்றில் எதுவும் அது இல்லை என்று மட்டும் தெரிகிறது. ஏனென்றால் அவை மூன்றிலும் நீங்கள் இல்லை. அந்த அறையில் நீங்கள் இருந்திருப்பீர்கள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இதை நானே கொண்டுவருகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது, மன்னியுங்கள். கொடுத்துவிட்டு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். படித்த பிறகு நீங்கள் எதுவும் சொல்லாமல் என்னைத் தாண்டிப் போகலாம். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.